கன் பிடிக்குப் போட்ட டியூப் உறை

ஜூலை 2, வியாழன்

காலை ஐந்து மணிக்கே 36 டிகிரி. கேம்ப் பஸ் கண்ணாடியில் ஈரம் வழிகிறது. வலது கை விரல் நான்கும் மடங்கவில்லை. வெந்நீரில் கால் மணி நேரம் வைத்த பிறகுதான் சட்டைப் பொத்தான் போட முடிந்தது.

எல்லாம் இந்த வாட்டர் கன் பிடித்ததால். அபுதாபி ருவைஸ் ரிஃபைனரியை மராமத்துக்காக நிறுத்தியிருக்கும் இந்த ஷட்டவுன் முடிய இன்னும் இருபது நாள். குழாய்களில் அடைத்த எண்ணெய்க் கசடை, தோலையே துளைக்கும் அழுத்தத்தில் தண்ணீரால் அடித்துக் கழுவ வேண்டும். பார்க்கத் துப்பாக்கி மாதிரியே: ஒரு பிடி, ஒரு ட்ரிகர். அழுத்தினால் தண்ணீர், விட்டால் நிற்கும். பிடி வெறும் இரும்பு. ஓரமெல்லாம் உள்ளங்கையை அறுக்கிறது. கிளினிக்கில் மறுபடியும் அதே மாத்திரை, அதே தைலம்.

நேற்று ரூமில் பிடிக்கு ஓர் உறை செய்தேன்.
– பழைய சைக்கிள் டியூப், ஒரு சாண்
– ஏ.சி. பைப்புக்குச் சுற்றும் கருப்பு ஃபோம் (குப்பையில் கிடந்தது)
– பிளேடு, நூல், மாட்டும்போது வழுக்கச் சோப்புத் தண்ணீர்
ஃபோமைப் பிடியில் சுற்றி, மேலே டியூபை இழுத்து மாட்டினால் முடிந்தது. செலவே இல்லை.

இன்று முழுக்க அதோடு அடித்தேன். சாயங்காலம் கை நடுங்கவில்லை. சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிட்டேன். பத்து நாளாக ஸ்பூன்தான்.

முத்துக்குமார் பார்த்துவிட்டான். அறந்தாங்கிக்காரன், பக்கத்துக் கட்டில், கன் வேலையில் என் ஜோடி. "அண்ணே, எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்கண்ணே. கையி மரக்கட்டையா இருக்கு."

ஜூலை 3, வெள்ளி

46 டிகிரி. மதிய இடைவேளையில் நிழலிலும் மூச்சு விட முடியவில்லை.

ஃபோர்மன் அஃப்சல் பாய் என் உறையைத் தொட்டுப் பார்த்தார். "அச்சா ஹை. சப்கோ தே தோ." எல்லாருக்கும் கொடு என்று அவரே சொல்லியாயிற்று. மொத்தம் ஒன்பது செய்தேன். ஒன்பது கன்னிலும் என் உறை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை. இல்லை, நிறையவே.

முத்துவின் கன்னில் மட்டும் பிடி சற்று ஒல்லி. "ஈரம் பட்டா மேல ஏறுதுண்ணே" என்றான். நூல் கட்டிக்கொள் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஊருக்கு போன். சின்னவளுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. சோப்பு வாங்க வேண்டும்.

ஜூலை 4, சனி

எழுத வரவில்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடி.

காலை பத்தரை. முத்து அடிக்கிறான், நான் பின்னால் ஹோஸைப் பிடித்திருக்கிறேன். இடம் மாற ட்ரிகரை விட்டான். தண்ணீர் நிற்கவில்லை. கன் அவன் கையிலிருந்து துள்ளித் திரும்பியது. நான் கத்தி, பம்ப்காரர் நிறுத்த நாலைந்து விநாடி. முத்து தரையில். இடது பூட்ஸில் சின்னதாக ஒரு ஓட்டை.

நான் முதலில் கன்னைத்தான் எடுத்தேன். உறையின் மேல் விளிம்பு நழுவி ஏறி, ட்ரிகர் நுனியை இறுக்கிப் பிடித்திருந்தது. கையை விட்டாலும் ட்ரிகர் விடாதபடி. உறையைப் பிளேடால் கிழித்து என் சட்டைப் பையில் போட்டேன். பிறகுதான் அவன் காலைப் பார்த்தேன். இந்த வரிசையில்தான். இதை மாற்றி எழுதக் கூடாது.

பூட்ஸைக் கழற்றினால் பட்டாணி அளவு துளை. ரத்தம்கூடப் பெரிதாக இல்லை. முத்து சிரித்தான். "ஒண்ணுமில்லண்ணே. ஒரு பிளாஸ்டர் போட்டா சரியாப் போயிரும்." அஃப்சல் பாய் பிளாஸ்டரை எடுத்தும் விட்டார்.

சேஃப்டி எஞ்சினியர் ரேவதி மேடம் ஓடி வந்தார். கோயம்புத்தூர்க்காரர், நம்மிடம் தமிழில்தான் பேசுவார். "பிளாஸ்டர் போடாதீங்க. தண்ணி உள்ள போன காயம் இது. வெளிய பொட்டு மாதிரிதான் தெரியுங்க. உள்ள என்ன ஆயிருக்குன்னு தெரியாது." ஆம்புலன்ஸ் வரும் வரை அவனை நடக்க விடவில்லை.

ஐந்து மணிக்குச் செய்தி. பாதத்தைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். கணுக்கால் வரை உள்ளே எண்ணெய்த் தண்ணீர் ஏறிச் சதையைக் கிழித்திருக்கிறது. சின்னத் துளை. பட்டாணி அளவு. 

ஜூலை 5, ஞாயிறு

சாப்பிடவில்லை. டீ மட்டும்.

விசாரணை. முத்துவின் கன்னைச் சோதித்தார்கள், கோளாறு இல்லை. எப்படி இருக்கும்? கோளாறு என் சட்டைப் பையில். ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று எழுதப் போகிறார்களாம். முத்துவும் படுத்தபடியே கால் வழுக்கிவிட்டது என்று சொல்லியிருக்கிறான். அப்படி எழுதினால் குணமானதும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

அவன் உறை எங்கே என்று அஃப்சல் பாய் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "உஸ்கா கவர் கிதர் ஹை?"
"மாஃபி" என்றேன், இல்லை என்று.
என்னையே பார்த்தார். "டீக் ஹை. சுப் ரஹோ. கலாஸ்."
சும்மா இரு, முடிந்தது. எனக்கு நிம்மதி வந்தது. 

மீதி எட்டு உறை இன்னும் எட்டு கன்னில். டீ நேரத்தில் இரண்டைக் கழற்றினேன். மூன்றாவதில் கை வைத்ததும் கன்காரர் பிடித்துக்கொண்டார். "ஏம்ப்பா கழட்டுற? இது இல்லாட்டி கை செத்துரும்." காரணம் சொல்லவில்லை. விட்டுவிட்டேன்.

மதியம் சுதா போன். முத்துவின் மனைவி. "அண்ணே, நீங்க பக்கத்துல இருந்ததாலதான் அவரு உசுரோட இருக்காராம். கால்ல விழுந்து கும்பிடணும்ணே உங்கள." சரிம்மா, சரிம்மா என்றேன். நான்கு முறை சொல்லியிருப்பேன்.

ஜூலை 6, திங்கள்

காலை பஸ்ஸில் தெரிந்தது. முத்துவுக்கு இடது காலில் இரண்டு விரல் எடுத்துவிட்டார்கள். சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும். யாரோ சொன்னார்கள், நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இரண்டு விரல். இரண்டு விரல்.

ஒன்பது மணி. எதிர் மேடையில் கன் அடிப்பவரின் உறை ஒரு விரற்கடை மேலே ஏறியிருந்தது. அவர் கவனிக்கவில்லை. ஓடிப் போய் பம்ப்பை நானே நிறுத்தினேன். "பைத்தியமாய்யா?" என்றார். நேராக மேடத்தின் கேபினுக்கு.

கிழிந்த உறையை மேசையில் வைத்தேன். "இது முத்து கன்ல இருந்துச்சு மேடம். நான் செஞ்சது. நான்தான் எடுத்து ஒளிச்சேன்."

மேடம் வேறொரு கன்னைக் கொண்டுவரச் சொல்லி, அதில் உறையை மாட்டி, கிழிசலைக் கட்டி, ஈரமாக்கி, தண்ணீர் இணைப்பு இல்லாமல் ட்ரிகரை அழுத்தி விட்டார். திரும்பியது. மறுபடியும். திரும்பியது. மூன்றாம் முறை ட்ரிகர் உள்ளேயே நின்றுவிட்டது. கையை எடுத்தார். அப்படியே நின்றது. 

"எத்தன செஞ்சீங்க?"
"ஒன்பது."
ரேடியோவை எடுத்து எல்லா கன்னையும் நிறுத்தச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் யார்டே அமைதி. 

"கை வலிச்சா எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்லீங்க."
"கிளினிக்ல சொன்னோம் மேடம். மூணு வாட்டி. தைலம் குடுத்தாங்க."
அதையும் எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன். பேனா பிடிக்க விரல் மடங்கவில்லை.

ஜூலை 7, செவ்வாய்

கன் வேலை கிடையாது. முடிவு வரும் வரை ஷார்ஜாவில், கம்பெனியின் முவைலா கேம்ப்பில் இருக்க வேண்டும். வேலை போகலாம், போகாமலும் இருக்கலாம். ரிப்போர்ட்டில் முத்துவின் மேல் குற்றமில்லை என்று மாற்றிவிட்டார்கள். மேடமே சொன்னார்.

அஃப்சல் பாய் என்னைப் பார்த்தால் திரும்பிக்கொள்கிறார். ரூமில் யாரும் பேசவில்லை. உறை கேட்டு வாங்கியவர்கள்தான். ஒருவர் மட்டும், "இப்ப வெறுங் கையிலதான் அடிக்கிறோம், திருப்தியா?" என்றார்.

பெட்டி கட்டியாயிற்று. தலையணை உறை துவைக்கவில்லை.

ஜூலை 9, வியாழன்

புழுதிக் காற்று. போகும் முன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முத்து சாய்ந்து உட்கார்ந்திருந்தான். காலில் பெரிய கட்டு. என்னைப் பார்த்ததும் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

"ஆபீஸ்ல சொல்லிட்டேன் முத்து."
சிரிப்பு நின்றது. "ஏண்ணே சொன்னீங்க? ட்ரிகர் விடாதப்பவே எனக்குத் தெரியும். நான் ஒருத்தன் போறதோட முடியட்டும்னுதான் வழுக்குச்சுன்னேன்."

தெரிந்திருக்கிறது. ஐந்து நாளும் தெரிந்தே படுத்திருக்கிறான்.  

"சுதாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க" என்று வீடியோ காலைப் போட்டு போனை என் கையில் கொடுத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சுதா வந்தாள். "அண்ணே, சாப்பிட்டீங்களா?"
"சுதா, நான் கன்னுக்கு ஒரு கவர் செஞ்சேம்மா."
"என்ன கவருண்ணே?"

டியூப், ஃபோம், ட்ரிகர் எல்லாம் அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். கழற்றி ஒளித்ததையும். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள். முடித்ததும் கேட்டாள்: "அன்னைக்கு உங்களக் கும்பிடணும்னு சொன்னேனே. அப்பக்கூட ஏண்ணே சொல்லல?"

திரையில் அவள் முகம் அசையவில்லை. லைன் நின்றுவிட்டது என்று நினைத்தேன். நிற்கவில்லை, பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் காத்திருந்தாள்.

பயமா இருந்துச்சும்மா, என்றேன்.