அடுப்படிச் சுவர்

பாப்பாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். போனில் எனக்குப் பேச வராது, அதனால் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வீடு முழுக்க வெள்ளையடித்தோம். அடுப்படிச் சுவர் மட்டும் பாக்கி. பேங்க் பரீட்சைக்குப் படித்தபோது 'கிவ்' என்ற ஒரே வார்த்தையை வைத்து நீ பென்சிலில் எழுதிய சுவர். கிவ் அப் என்றால் கைவிடுவது, கிவ் பேக் என்றால் திருப்பித் தருவது, கிவ் அவே என்றால் சும்மா கொடுத்துவிடுவது. கடைசியாக கிவ் இன் என்று எழுதி, அர்த்தம் எழுதாமல் விட்டிருக்கிறாய். மறுநாள்தான் அந்தப் பையனோடு போனாய்.

வெள்ளையடிக்க வந்த சின்னான், "அண்ணே, இம்புட்டுக் கிறுக்கலையும் அழிச்சிரவா?" என்று கேட்டார். பெயிண்ட் பத்தாது, விடுப்பா என்றேன். மூடி பிரிக்காத வாளி ஒன்று மாடிப்படிக்குக் கீழே இருந்தது. அவரும் அதைப் பார்த்துவிட்டு, பிரஷைக் கழுவப் போய்விட்டார்.

இரண்டு வருடமாக அந்தச் சுவரைப் பார்த்துத்தான் சாப்பிடுகிறேன். போன வாரம் நம் பட்டறையில் வண்டியைச் சர்வீசுக்கு விட வந்த டீச்சரிடம், கிவ் இன் என்றால் என்ன என்று கேட்டேன். "மேல மல்லுக்கட்டாம எறங்கி வர்றதுண்ணே" என்றார். அதை நானே எழுதிவிட்டேன். எழுத்து கோணலாக இருக்கும்.

எனக்குத் தெரியாமல் நீயும் அம்மாவும் தினமும் பேசுவது தெரியும். அடுத்த மாதம் உனக்கு நம் வீட்டுக்குப் பக்கத்தில், அவனியாபுரத்தில்தான் பரீட்சையாம். லாட்ஜில் தங்க வேண்டாம்.

மாப்பிள்ளை காரம் சாப்பிடுவாரா என்று எழுது. அம்மா கேட்கச் சொன்னாள்.

அப்பா