பள்ளிவாசல் நாற்காலிகள்

அதிராம்பட்டினம்
திங்கள், லுஹர் தொழுகைக்குப் பிறகு

அருமை மகன் யூனுஸுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். சவூதியில், தம்மாமில் நீயும் மருமகளும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கள் உடம்புக்கு அல்லாஹ் குறை வைக்கவில்லை. வாப்பா டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைக்குப் போய் வருகிறார்கள். மேற்கே அறுப்பு மெஷின் இறங்கிவிட்டது, மழைக்கு முன் நெல் வீடு வந்து சேர வேண்டுமே என்று அவர்களுக்கு அந்தக் கவலை. எனக்கு நாலு நாளாக வேறு கவலை, வேறு பயம். நீ போன் பண்ணும்போதெல்லாம் நல்லா இருக்கேன் என்று சொன்னேனே, அது பொய். போனில் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் போனை நீ கூப்பிட்டால் மட்டும் எடுத்துவிட்டு, மறுபடி பீரோவில் துணிக்கு அடியில் வைத்துவிடுகிறேன். அதனால்தான் உன் கம்பெனி ராஜ்குமார் நாளை திருச்சியில் விமானம் ஏறுகிறார் என்று தெரிந்ததும், உனக்குக் கொடுத்தனுப்பும் கருவாட்டுப் பொட்டலத்தோடு இதையும் வைக்கிறேன்.

எதிர்வீட்டு ஷேக் பரீத் மாமாவைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தது உனக்குத் தெரியும். வியாழக்கிழமை பகலில் ஆம்புலன்ஸ் சத்தமில்லாமல் வந்து அவர்கள் வாசலில் நின்றது. மாடி ஜன்னலில் இருந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசல் நாற்காலிகளை வண்டியில் கொண்டு வந்து இறக்கினார்கள், ஆண்கள் தொப்பியோடு கூடினார்கள். நம் தெருவில் பள்ளிவாசல் நாற்காலி ஒரு வீட்டு வாசலில் இறங்கினால் மவுத், சாவு வீடு என்றுதான் அர்த்தம், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் படியிறங்கிப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், இருபது அடி தூரம். கேட்கவில்லை. மவுத் செய்தியை முதலில் சொன்னால் நாலு பேர் சீக்கிரம் துஆ செய்வார்கள், நமக்கும் நன்மை என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேனா, இல்லை முதலில் சொன்னது கமருன்னிஸா என்று எனக்குப் பெயர் வரட்டும் என்று நினைத்தேனா, அது எனக்கும் ரப்புக்கும்தான் தெரியும். இன்னா லில்லாஹி போட்ட கறுப்புப் படம் ஒன்று என் போனில் எப்போதும் இருக்கும், அதில் மாமாவின் பெயரைப் போட்டு, நம் தெருப் பெண்கள் குரூப்பை நடத்துகிற ஆஷிகாவுக்கு அனுப்பினேன். அவள் என்னை நம்பி குரூப்பில் போட்டாள்.

மாமா மவுத்தாகவில்லை யூனுஸ். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். நோய் குணமாக, ஷிஃபாவுக்காக யாசீன் ஓதத்தான் நாற்காலி வந்தது. ஓதுகிற சத்தம் கேட்ட பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆஷிகாவுக்கு அனுப்பியதை அழித்தேன், அவளும் குரூப்பில் அழித்தாள், ஆனால் அதற்குள் அது கடல் தாண்டிவிட்டது. மாமாவின் மகள் ஹாஃபிஸா அங்கே தம்மாமிலேயே, ஏழு மாதக் கர்ப்பம், வேலைக்குப் போன மாப்பிள்ளை திரும்பாத நேரத்தில் தனியாக அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறாள். மயங்கி விழுந்து ரத்தப்போக்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். பிள்ளைக்கு அசைவு இருக்கிறது, ஆனால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்களாம். உனக்கே இந்தச் செய்தி வந்திருக்கும், யார் செய்த வேலை என்றுதான் தெரிந்திருக்காது.

ஊரில் எல்லோரும் ஆஷிகாவைத்தான் திட்டுகிறார்கள். முத்துப்பேட்டையில் இருந்து அவளைப் பெண் கேட்டு வந்தவர்கள், வாயும் கையும் அடங்காத பொண்ணு எங்களுக்கு வேணாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் உம்மா அவளைப் போட்டு உலுக்கி, யாருடி உனக்குச் சொன்னா என்று கேட்டது என் வீட்டு அடுப்படி வரை கேட்டது. அவள் என் பெயரைச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை பின்வாசலில் என்னைப் பார்த்து, மாமி நீங்க பயப்படாதீங்க, நான் சொல்ல மாட்டேன் என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா, தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். நோன்புக்கும் தொழுகைக்கும் குறை வைக்காத உன் உம்மா இதைச் செய்தாள். நீ முகநூலில் மார்க்கச் சண்டை போடும்போது, எழுதுற விரலையும் மறுமையில விசாரிப்பாங்கடா என்று உனக்கு வாய் கிழியப் புத்தி சொன்னவளும் நான்தான்.

இப்போது என் பயமெல்லாம் இதுதான். மனுஷருக்குச் செய்த குற்றத்தை அந்த மனுஷர்தான் மன்னிக்க வேண்டும், எத்தனை ரக்அத் தொழுதாலும் அது கரையாது. மாமாவிடம் மன்னிப்புக் கேட்கலாமென்றால், மகள் ஆஸ்பத்திரியில் இருப்பதை அவரிடம் மறைத்து வைத்திருக்கிறார்கள், ஹாஃபிஸா ஏன் இன்னும் பேசல என்று அவர் கேட்டபடியே இருக்கிறாராம். சொன்னால் அவர் உயிருக்கு ஆபத்து, சொல்லாமல் அவர் கண்ணை மூடிவிட்டால் எனக்கு ஆபத்து. பள்ளிவாசல் மைக் கரகரக்கும்போதெல்லாம் மாமாவின் மவுத் அறிவிப்போ என்று கையில் இருப்பதைப் போட்டுவிடுகிறேன். காலையில் கரண்ட் நிறுத்தத்துக்கு அறிவிப்புச் செய்தார்கள், அதற்கே குழம்புச் சட்டி போய்விட்டது. வாப்பாவுக்கு ஒன்றும் தெரியாது, கை தவறிவிட்டது என்று சொன்னேன், அதுவும் பொய்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே மருமகளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ. ஹாஃபிஸா பேசுகிற நிலையில் இருந்தால் மெதுவாகச் சொல், அனுப்பியது ஆஷிகா இல்லை, என் உம்மா என்று. மன்னிக்கச் சொல்லி அவளை நெருக்காதே. திட்டினால் வாங்கிக்கொள். அவள் தேறியபின் அவளே தன் வாப்பாவிடம் பேசட்டும், அப்போதுதான் நான் மாமாவின் கட்டிலருகே போக முடியும். இனி நீயும் எதையும் விசாரிக்காமல் அனுப்பாதே மகனே, மார்க்கச் செய்தியாக இருந்தாலும் சரி.

மாலையில் அஸர் தொழுதுவிட்டு நான் முதலில் வாப்பாவிடமும், பிறகு ஆஷிகா வீட்டிலும் சொல்லப் போகிறேன். பிறகு பீரோவைத் திறந்து போனை எடுத்து அதே குரூப்பில் என் குரலிலேயே சொல்வேன். எப்படியும் போவேன். உன் கையும் நாவும் யாரையும் நோகடிக்காமல் அல்லாஹ் உங்கள் இருவரையும் காத்தருளட்டும், ஆமீன்.

துஆவுடன்,
உம்மா கமருன்னிஸா

ஞாபகம்: கருவாட்டை ஒருநாள் வெயிலில் காய வைத்துக்கொள். இதைப் போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்பாதே. ஹாஃபிஸா கேட்டால் மட்டும் அவளுக்கு வாசித்துக் காட்டு, என் பெயரை விடாமல்.