ஃப்ரிட்ஜில் ஒட்டிய ஸ்காட்லாந்து

ஆகஸ்ட் 3, 2024, சனி

காலையில் பால் எடுக்கப் போனால் ஃப்ரிட்ஜ் கதவில் இன்னொரு மஞ்சள் சீட்டு. மெஹ்ரீன் எழுதியது. "ஸ்காட்லாந்தின் தேசிய விலங்கு யூனிகார்ன்." ஒற்றைக் கொம்பு வைத்த குதிரை, உலகத்திலேயே இல்லாதது. இல்லாத ஒன்றைத் தேசிய விலங்காக வைத்திருக்கும் நாட்டுக்கு என் ஒரே மகளை அனுப்பப்போகிறேன். கிளாஸ்கோவில் நர்சிங் படிப்பு. இன்னும் ஐந்து வாரம்.

எங்கள் பேட்டை தாமுவே முழுக்கக் கரண்ட் இல்லை. பால் திரிந்துவிட்டது. ஃப்ரிட்ஜ் இப்போது சீட்டு ஒட்டத்தான் உதவுகிறது.

ஆகஸ்ட் 6

இன்றைய சீட்டு: அங்கே கடைக்குச் சாமான் வாங்கப் போவதை "மெசேஜஸுக்குப் போகிறேன்" என்பார்களாம். லத்தா கடைத்தெருவில் ஊ டின் வின் கடையில் மல்லியும் சீரகமும் வாங்கும்போது பக்கத்தில் நின்று இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். மழை, சேறு, ஒரு கையில் குடை, ஒரு கையில் பை. இதில் இவளுக்குச் சிரிப்பு.

"மா கின் தான், மகள் எப்போது பயணம்?" என்று ஊ டின் வின் பர்மியத்தில் கேட்டார். வெளியில் நான் கின் தான். ருமானா வீட்டுக்குள் மட்டும். பர்மாவில் நம் தமிழ் ஆட்கள் பலருக்கும் இப்படி இரண்டு பெயர்தான். பையை நீட்டி, சீரகத்தைப் போடுங்கள் என்றேன். பயணம் என்று யாராவது கேட்டாலே எரிச்சல் வருகிறது. பாவம், அவர் என்ன செய்வார்.

ஆகஸ்ட் 11

1746-இல் சட்டம் போட்டு அங்கே மலைநாட்டு ஆண்களின் கட்டம்போட்ட உடையைத் தடுத்தார்களாம். முப்பத்தாறு வருடம். கைலிக் கடை வைத்திருக்கும் என் கணவர் ஜமால் சீட்டை இரண்டு தடவை படித்தார். "அங்க கட போட்டிருந்தா நான் உள்ளதான் இருந்திருப்பேன்" என்றார். வாப்பாவும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

ஆகஸ்ட் 19

அவ்வளவு கோபம். எழுதினாலாவது அடங்குகிறதா பார்க்கிறேன்.

கல்லூரியிலிருந்து ஒரு படிவம். பாஸ்போர்ட் பெயருக்குத் தனி இடம். அதன் கீழே இன்னொரு கட்டம் - உங்களை எந்தப் பெயரால் கூப்பிட வேண்டும் என்று. எதை வேண்டுமானாலும் எழுதலாம், யாரும் அடையாள அட்டை கேட்கமாட்டார்கள். தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். என்ன எழுதியிருக்கிறாள்? ஸின் மார்.

பாஸ்போர்ட்டில் ஸின் மார் இருக்கட்டும். பள்ளிக்கூடத்தில் இருக்கட்டும். அது வெளிவேலைக்கு வைத்த பெயர், மழைக்குப் போடுகிற செருப்பு மாதிரி. என் வாப்பா பீர் முகைதீன் இவள் காதில் பாங்கு சொல்லி வைத்த பெயர் மெஹ்ரீன். இத்தனை கடல் தாண்டி, யாரும் தடுக்காத ஊரில், ஒரு காலிக் கட்டம் கெடச்சும் அதுல அந்தப் பேர எழுத இவளுக்கு மனசு வரலையே. அவ்வளவு கேவலமா அது?

ஜமாலிடம் சொன்னேன். "விடு ருமானா, அவங்க வாயில எது நுழையுதோ அதச் சொல்லிட்டுப் போறாங்க" என்கிறார். இந்த மனிதருக்கு எதில்தான் கோபம் வரும்?

ஆகஸ்ட் 20

தட்டை வைத்தேன். சோறு மட்டும் போட்டேன்.

ஆகஸ்ட் 22

வேண்டுமென்றே ஒட்டியிருக்கிறாள். "1603-இல் மெக்ரெகர் என்ற குடும்பப் பெயரையே அரசர் தடை செய்தார். வைத்திருந்தால் மரண தண்டனை. வேறு பெயர்களை வைத்துக்கொண்டு பிழைத்தார்கள்."

சீட்டைக் கிழித்தேன். "அவங்களுக்குக் கத்தியோட அரசன் நின்னான். ஒனக்கு யாருடி நின்னா?" என்று கேட்டேன்.

அவள் சத்தமே போடவில்லை. "நீங்க நின்னீங்க உம்மா. மாடிப்படியில."

அதற்குமேல் அவளுக்குத் தமிழ் வரவில்லை. மீதியைப் பர்மியத்தில் சொன்னாள். எனக்கு எல்லாம் புரிந்தது.

ஆகஸ்ட் 23

மறந்தா போனேன்? இல்லை. நினைக்காமல் இருந்தேன்.

2010. பள்ளியில் சேர்க்க ஒரு வாரம் இருந்தது. அவளுக்கு ஐந்து வயது. தினமும் சாயங்காலம் மாடிப்படியில் நிற்கவைத்து, முதுகுக்குப் பின்னாலிருந்து "மெஹ்ரீன்" என்று கூப்பிடுவேன். திரும்பினால் தொடையில் கிள்ளு. "ஸின் மார்" என்று கூப்பிட்டுத் திரும்பினால் ஒரு துண்டு பனைவெல்லம். மூன்று நாள் அழுதாள். ஏழாம் நாள் நான் என்ன கத்தினாலும் மெஹ்ரீனுக்குத் திரும்பவில்லை. புத்திசாலிப் பிள்ளை, சீக்கிரம் பிடித்துக்கொண்டாள் என்று ஜமாலிடம் பெருமையாகச் சொன்னேன்.

பயத்தில் செய்தது. முஸ்லிம் பெயரைக் கேட்டதும் முகம் மாறுகிறவர்களை எனக்குத் தெரியும். அந்த முகத்தை என் பிள்ளை பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். வாசலுக்கு வெளியே ஒரு பிள்ளை, உள்ளே ஒரு பிள்ளை, அவ்வளவுதானே என்று நினைத்தேன். எந்த மடச்சி நினைப்பாள் அப்படி? நான்தான் நினைத்தேன்.

கிழித்த சீட்டைக் குப்பையிலிருந்து எடுத்து டேப் போட்டு ஒட்டினேன். அவள் பார்த்தாள்.

செப்டம்பர் 7

போய்விட்டாள்.

விமான நிலைய வாசலில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வரிசையில் முன்னால் போய்விட்டாள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வறுத்த இறால் பலாச்சாங் டப்பா என் கையிலேயே இருந்தது. கூப்பிட்டேன். மெஹ்ரீன் என்று. அத்தனை பேர் நடுவில், வீட்டுக்கு வெளியே, பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னேன்.

திரும்பவில்லை.

மறுபடி கூப்பிட்டேன். முன்னால் நின்ற யார் யாரோ திரும்பினார்கள். அவள் திரும்பவில்லை. ஜமால் "ஸின் மார்" என்றார், அவ்வளவு சத்தமாகக்கூட இல்லை. உடனே திரும்பிச் சிரித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

டப்பாவைக் கொடுத்தேன். மூடியை இறுக்கிப் பிடி, எண்ணெய் கசியும் என்றேன். சொல்ல வந்தது அதுவா?

செப்டம்பர் 12

போன் செய்தாள். அங்கே "டிரீக்" என்று ஒரு வார்த்தை இருக்கிறதாம். நாள் முழுக்க இருட்டி, நசநசவென்று மழை தூறினால் அப்படிச் சொல்வார்களாம். இங்கே ஐந்து மாதம் அப்படித்தான், நாங்கள் பாட்டுக்குத் துணி காயவில்லை என்று திட்டிக்கொண்டு இருக்கிறோம்.

வைக்கும் முன்னால் ஏர்போர்ட்டில் கூப்பிட்டதைக் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"காதுல விழுந்துச்சு உம்மா. யாரோ வேற யாரையோ கூப்பிடுறாங்கன்னு நெனச்சேன்."

இன்று முழுக்க யார் மேலும் கோபம் இல்லை. என் மேல் மட்டும் இருக்கிறது. அது நன்றாகவே இருக்கிறது, குறையவே இல்லை.

அக்டோபர் 1

மெசேஜஸுக்குப் போனேன். லத்தாவில் மிளகாய் வாங்கிக்கொண்டு நாலு எட்டு வைத்ததும் பின்னாலிருந்து ஊ டின் வின் கூப்பிட்டார். "மா கின் தான்." மீதிச் சில்லறை வாங்காமல் வந்திருக்கிறேன். மறுபடி கூப்பிட்டார். மூன்றாம் தடவையும் கூப்பிட்டார்.

நான் திரும்பவில்லை.

கடையை விட்டு இறங்கி, மழையில் வந்து எதிரே நின்றார். கேட்கவில்லையா என்றார் பர்மியத்தில். கேட்டது, என் பெயர் ருமானா என்று தமிழில் சொன்னேன். தெருவுக்கே கேட்கிற மாதிரித்தான் சொன்னேன்.

அவர் தமிழர் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் இருபது வருடமாகப் பர்மியத்தில்தான் பேசிக்கொள்கிறோம். அக்கம்பக்கம் ஒரு தடவை பார்த்தார். சில்லறையை என் உள்ளங்கையில் வைத்தார்.

"நான் அய்யாசாமிங்க" என்றார்.