பங்காளி இடித்த கதவு

அன்புள்ள அப்பாவுக்கு, அல்மாட்டியிலிருந்து ரௌஷானின் சலாம். முழங்கால் வலி எப்படி? ஆடுகள் குளிரைத் தாங்குகின்றனவா?

நேற்று சந்தையருகே ஒருவர் தன் காரை என் டாக்சியில் இடித்துவிட்டார். கதவுதான் நசுங்கியது, எனக்கு ஒன்றுமில்லை. காரைவிட்டு இறங்கியதும், உறவா என்று பார்க்க, நம் கசாக் வழக்கப்படி என் ஏழு தலைமுறைத் தாத்தாக்களின் பெயரைக் கேட்டார். ஐந்தாவது தாத்தா எங்கள் இருவருக்கும் ஒருவரே.

"பங்காளி வீட்டுப் பொண்ணா நீ? நமக்குள்ள எதுக்கும்மா இன்சூரன்ஸ்? உங்கப்பா கேட்டா என்ன நினைப்பாரு?" என்றார்.

இந்த ஊரில் என் தாத்தா பெயரைக் கேட்ட முதல் ஆள் அவர். மனசு தடுமாறியது. ஆனால் திறக்காத கதவோடு டாக்சி ஓட்ட முடியாதே.

"அண்ணே, விருந்துக்கு வாங்க, பெரிய விருந்தாளிக்கு வைக்கிற ஆட்டுத்தலையே உங்களுக்கு வைக்கிறேன். கதவை இன்சூரன்ஸ்காரங்க பாத்துக்கட்டும்" என்று சொல்லி, அவர் எதிரிலேயே இன்சூரன்ஸுக்குத் தகவல் கொடுத்துவிட்டேன். நீங்கள் திட்டினாலும் வாபஸ் வாங்க மாட்டேன்.

காய்ந்த தயிர் உருண்டை கொஞ்சம் அனுப்புங்கள். ஆறாவது, ஏழாவது தாத்தா பெயர்களையும் உடனே எழுதுங்கள், எனக்கு மறந்துவிட்டது. ஞாயிறன்று அவர் மனைவியோடு வருகிறார்.

உங்கள் மகள்,
ரௌஷான்