செவலைக்கு இரண்டு பட்டியல்

மாசி 10, திங்கள்
காலையில் பனி. விரல் விறைத்துப் பேனா நிற்கவில்லை.
எழுத்துக் கற்கும் முதியோர் வகுப்பில் டீச்சர் சொன்னது: பொருளின் குணங்களைத் தத்துவக்காரர்கள் இனம் பிரிப்பார்களாம். பொருளுக்குள்ளேயே இருப்பவை ஒரு வகை. மற்றவரைச் சார்ந்து வருபவை இன்னொன்று. எழுபது வயதில் இது தெரிகிறது. ஸ்ரீரங்கம் வீடு வரை சிரித்துக்கொண்டே நடந்தேன்.
வந்தால், மகன் செல்வம் கறாராக. ஞாயிறு திருவெறும்பூருக்குக் குடிபோகிறோம். அங்கே மாடு கட்ட இடமில்லை. அதற்குள் எங்கள் பசு செவலையை யாரும் வாங்காவிட்டால் அடிமாட்டு லாரி.

மாசி 11, செவ்வாய்
லால்குடிக்காரர் ஒருவர் பார்க்க வந்தார்.
"கறக்குதா?"
"இப்ப வத்தியிருக்கு. சினை பிடிச்சு ஈன்னா கறக்கும்."
முதுகைத் தடவினார். தண்டுக்கு இருபுறமும் மயிர்ச்சுழி. பாடைச்சுழி என்பார்கள். வைத்திருப்பவனைப் பாடையில் ஏற்றுமாம். "டீ குடிச்சிட்டு வரேன்." வரவில்லை.
கறக்காதபோதும் கறக்கும் குணம் மாட்டில் உண்டா? டீச்சரைக் கேட்டேன். "உடையாத கண்ணாடியும் உடையக்கூடியதுதானே ஐயா." அருமை.

மாசி 12, புதன்
விற்பனை நோட்டீஸ். என் கையாலேயே. இரண்டு மணி நேரம்.
மாட்டில் உள்ளவை: செவலை நிறம். சாது. கறக்கும் குணம். முதுகில் இரண்டு சுழி.
மாட்டில் இல்லாதவை, பார்ப்பவரைச் சார்ந்தவை: பாடை. பயம்.
டீக்கடைச் சுவரில் ஒட்டி, நாலு முறை படித்தேன்.

மாசி 13, வியாழன்
ஒருவரும் வரவில்லை. தரகர் ராமசாமி, கடையில் எல்லோர் முன்னும்:
"அண்ணே, சுழி நாலு பேருக்குத்தான் தெரிஞ்சிருந்துச்சு. இப்ப சமயபுரம் வரைக்கும் தெரியும்."
"பாடை மாட்டுல இல்லப்பா. உன் கண்ணுல."
"அப்ப என் கண்ணை வித்துக் குடுங்க."
சிரிப்பு. எழுத்தே தெரியாமல் இருந்திருக்கலாம். செல்வம் லாரிக்குப் போன் செய்துவிட்டான். நாளை மறுநாள்.

மாசி 14, வெள்ளி
வெயில்.
மதியம் உறையூரிலிருந்து ஓர் அம்மா. கணவர் போய் நாலு வருடம். பால் ஊற்றிப் பிழைப்பு.
"சுவத்துல இருக்கிறது நீங்க எழுதினதுங்களா?"
"ஆமாம்மா. சுழியைப் பாத்தீங்களா?"
"பாத்தேன். என்னையும் ராசியில்லாதவள்னுதான் சொல்றாங்க. எனக்குச் சுழி எங்க இருக்குன்னு இன்னும் யாரும் காட்டல."
கயிற்றைக் கொடுத்தேன். வண்டியில் ஏறச் செவலை அடம். தள்ளினோம். லாரியை வேண்டாம் என்று சொல்லச் செல்வத்திடம் சொன்னேன்.
காலையில் என் மாடு. இப்போது இல்லை. அதன் உடம்பில் ஒரு மயிர்கூட மாறவில்லை. ஆகவே 'என்' என்பது இரண்டாம் பட்டியலில் வர வேண்டியது. தெரிந்த எழுத்துகள்தான். கை எழுத மறுக்கிறது.