குழாயைத் தொடாத மாப்பிள்ளை

மார்ச் 4, செவ்வாய்

கடை திறந்து ஊதுவத்தி வாசனைகூடப் போகவில்லை, முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிற பல் டாக்டர் இறங்கி வந்துவிட்டார். நோயாளி படுக்கிற நாற்காலிக்கு நேர் மேலே சீலிங்கில் ஈரத் திட்டு. முதலில் உள்ளங்கை அளவாம், இப்போது தாம்பாளம் அளவாம்.

"வாயத் தொறந்து படுத்திருக்கிறவங்க வாயில சொட்டுச்சுன்னா நான் என்ன சார் பதில் சொல்றது?"

கொப்பளிக்கச் சொல்லுங்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அடுத்த மாதக் கடைசிக்குள் நிற்காவிட்டால் காலி செய்துவிடுவாராம். அவர் போனால் இந்தக் கட்டடம் எனக்கு வெறும் வரி கட்டுகிற செங்கல்.

ஊரிலுள்ள பிளம்பர்களுக்கெல்லாம் குழாய் விற்கிறவன் நான். என் கட்டடத்துக்கு ஒரு பிளம்பர் இல்லை. இருந்த ஒருவனும் முழங்கால் வலி என்று போய், இப்போது வாட்ச்மேன் வேலை பார்க்கிறான். உட்கார்ந்தே தூங்கலாம், முழங்கால் வலிக்காது.

மார்ச் 5, புதன்

மகள் கேட்கிறாள்: "அப்பா, பில்டிங் மெயின்டனன்ஸை இவருக்கே குடுங்களேன். கோர்ஸ் முடிச்சு சர்டிஃபிகேட் வாங்கிட்டாருல்ல?"

'இவர்' என்றால் என் மாப்பிள்ளை. ஃபிரிட்ஜ் கம்பெனியில் ஃபோன் எடுக்கிற வேலை பார்த்தான். எவளோ ஒருத்தி "ஐஸ் கட்ட மாட்டேங்குது" என்று கத்துவாள், இவன் "உங்க சிரமம் புரியுது மேடம்" என்பான். அதற்குச் சம்பளம்! அந்த வேலையும் போனது. குழாய் வேலை படித்தான். இப்போது என் வீட்டு மாடி அறையில், வீட்டோடு மாப்பிள்ளையாக இருக்கிறான். கை பன் மாதிரி இருக்கிறது. ஸ்பேனர் பிடிக்கக் கையுறை போடுகிறான். நான் பைப்பைத் தோளில் தூக்கித் தெருத்தெருவாக விற்றவன். என் தோளில் இன்னும் தடம் இருக்கிறது.

"யாரா இருந்தாலும் டெஸ்ட் உண்டும்மா."

"அவர் உங்க மாப்பிள்ளைப்பா."

"அதனாலதான் டெஸ்ட். வெளியாளுன்னா யோசிச்சிருப்பேன்."

இங்கே வேலை கிடைக்காவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடுவார்களாம். இதை மகள் சொல்லவில்லை, என் மனைவி தாளிக்கிற சத்தத்துக்கு நடுவே சொன்னாள். முக்கியமான சேதி எல்லாம் கரண்டிச் சத்தத்தோடுதான் இந்த வீட்டில் வரும்.

போகட்டுமே. ஆனால் மகள் வந்ததிலிருந்து சமையலறையில் சிரிப்புக் கேட்கிறது. அவனால் இந்த வீட்டுக்கு வந்த ஒரே லாபம் அதுதான்.

மார்ச் 9, ஞாயிறு

கடைப் பின்கட்டில் டெஸ்ட் வைத்தேன். சுவரில் சொட்டுகிற குழாய். கீழே கருவிப் பெட்டி. இரண்டடி தள்ளி வால்வு. முதலில் எதைத் தொடுகிறான் என்று பார்ப்பதுதான் டெஸ்ட்.

முதல் ஆள் மீசை. வந்ததும் குழாயைக் கழற்றினான், வால்வை மூடாமல். குளித்துவிட்டுப் போனான். அடுத்தவன் பேன்ட் மடிப்புக் கலையாதவன். குழாயைப் பார்க்காமலே "மொத்த லைனையும் மாத்தணும் சார்" என்றான். அவனை மொத்தமாக மாற்ற வேண்டும்.

மூன்றாவது ஆளைப் பார்க்க ஆசையாக இருந்தது. வால்வை மூடினான். கீழே தண்ணீர் போகிற குழியில் துணியை அடைத்தான், வாஷர் விழுந்து ஓடிவிடாமலிருக்க. மரைக்கு டேப்பை முறுக்குகிற திசையிலேயே சுற்றினான், எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போதே உரிந்து வரும். பிளாஸ்டிக் மரை தாங்குகிற அளவுக்கு இறுக்கி நிறுத்தினான். பலத்தைக் காட்டுகிறேன் என்று மரையை உடைக்கிற மாடுகளைத்தான் இத்தனை நாள் பார்த்திருக்கிறேன். கடைசியில் தரையையும் துடைத்தான். அங்கேயே 'கைராசி' என்று பேர் வைத்துவிட்டேன்.

குழாயைத் தளர்த்தி மறுபடி சொட்ட விட்டேன். கடைசியாக மாப்பிள்ளை.

"வாங்க மாப்பிள்ளை, பாருங்க" என்றேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"எப்பலருந்து மாமா சொட்டுது?"

"சொட்டுது. பாருங்க."

"எப்பவுமா, இல்ல தண்ணி ஏத்துறப்ப மட்டுமா? இதுக்கு முன்னாடி யாராவது கழட்டினாங்களா?"

குழாயைப் பார்க்கச் சொன்னால் என்னைப் பேட்டி எடுக்கிறான்! கடைப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குத்தான் கூசியது. "போதும் மாப்பிள்ளை, வெயில்ல நிக்காதீங்க" என்று அனுப்பிவிட்டேன். குழாயை அவன் தொடவே இல்லை.

மார்ச் 10, திங்கள்

கைராசிக்குச் சாவிக்கொத்தைக் கொடுத்தேன். சாப்பிடும்போது மகள் என் தட்டில் சோற்றை வைத்துவிட்டு நகர்ந்தாள். குழம்பு ஊற்ற மனைவிதான் வந்தாள்.

மார்ச் 14, வெள்ளி

பல் டாக்டருக்கு நேர் மேலே, இரண்டாம் மாடியில் பாட்டு டீச்சர். அவர் குளியலறைத் தரைதான் கசிகிறது என்று கைராசி அடித்துச் சொன்னான். சொன்ன கையோடு சம்மட்டியாலும் அடித்தான். எவ்வளவு நேர்த்தியாக உடைக்கிறான்!

மார்ச் 16, ஞாயிறு

திட்டு வெளுத்துவிட்டது. ஆளை எடை போட எனக்குச் சர்டிஃபிகேட் தேவையில்லை. இரவு மாப்பிள்ளை காதில் விழும்படி இதை இரண்டு தரம் சொன்னேன்.

மார்ச் 18, செவ்வாய்

மறுபடி ஈரம்.

மார்ச் 29, சனி

நேற்று டீச்சர் வீட்டுச் சமையலறையையும் உடைத்தாகிவிட்டது. படியில் என்னை மறித்துக்கொண்டார். "ஓனர் சார், நான் பாட்டு சொல்லிக்குடுக்கவா, இல்ல உங்காளு இடிக்கிறதுக்குத் தாளம் போடவா? குளிக்கப் பக்கத்து வீட்டுக்குப் போறேன், வெட்கமா இருக்கு."

வெட்கமாக இருக்கிறதாம். சுருதி சேராமல் ஊரையே எழுப்புகிறபோது இல்லாத வெட்கம்.

ஆனால் நாளைக்குத் திட்டு காயும். காய வேண்டும்.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஞாயிறன்று காய்ந்தது. இன்று ஈரம். முட்டாள் தினமாம். கொண்டாடுவதற்கு ஆள் இங்கேயே இருக்கிறேன்.

ஏப்ரல் 7, திங்கள்

மாப்பிள்ளை பல் டாக்டரிடம் போய்ப் பல் சுத்தம் செய்துகொண்டு வந்திருக்கிறான். என் வீட்டில் தின்று, என் குடித்தனக்காரரிடம் பல் விளக்கிக்கொள்கிறான். எரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டின் நடுவே சொல்கிறான்:

"மாமா, அந்த ஈரம் ஞாயித்துக்கிழமை லீவு எடுத்துக்குது."

"என்னது?"

"அந்த நாற்காலில படுத்தா சீலிங்கத் தவிர வேற எதயும் பாக்க முடியாது. அங்க வேலை செய்யிற பொண்ணுகிட்டயும் கேட்டேன். மதியம் ஆரம்பிக்குது, சாயங்காலம் ஜாஸ்தியாகுது. சனி, ஞாயிறு காயுது. பைப்புல எப்பவும் பிரஷர் இருக்கும், அது கசிஞ்சா லீவு எடுக்காது மாமா. டீச்சர் வீட்லயும் ஞாயித்துக்கிழமை தண்ணி புழங்குறாங்க. திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் மட்டும் தண்ணி விடுறது யாருன்னு பாக்கணும்."

"பாருங்க, பாருங்க" என்றேன், மோரை ஊற்றிக்கொண்டு. பெரிய துப்பறியும் புலி. வாயிலேயே குழாய் மாட்டுவான்.

ஞாயிறு காய்ந்ததை நானும்தான் பார்த்தேன். என்ன பார்த்தேன்?

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் பல் டாக்டர் கத்திக்கொண்டு வந்தார். "சார், என் சீலிங் நீலமாயிடுச்சு!"

நடந்தது இது. செவ்வாயன்று மாப்பிள்ளை துணிக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்து டீச்சர் குளியலறையில் ஊற்றியிருக்கிறான். கீழே நிறம் வரவில்லை. நேற்று மூன்றாம் மாடி ஆடிட்டர் ஆபீஸுக்குப் போய், அங்குள்ள ஆபீஸ் பையனிடம் டீ வாங்கிக் குடித்து, "ஏசி தண்ணி எங்கண்ணே போகுது?" என்று கேட்டிருக்கிறான். எவனோ ஒரு மெக்கானிக் அந்தத் தண்ணீர்க் குழாயைச் சுவர் ஓட்டையில் செருகிவிட்டுப் போயிருக்கிறான். அது குழாய்கள் இறங்குகிற சந்துக்குள் வழிந்து, முதல் மாடிச் சீலிங்கில் ஊறுகிறது. அதிலும் நீலம் ஊற்றினான். இன்று டாக்டர் சீலிங்கில் ஆகாயம்.

ஆடிட்டர் ஆபீஸ் சனி, ஞாயிறு விடுமுறை.

ஒரு முழ டியூப், ஒரு கிளிப். அவ்வளவுதான் மருந்து. இதற்காக டீச்சர் வீட்டை இரண்டு முறை சுடுகாடாக்கினோம். கைராசியைக் கேட்டால், "ஏசி நம்ம டிபார்ட்மென்ட் இல்ல முதலாளி" என்கிறான். சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பினேன். போகும்போதும் வாசலைத் துடைத்துவிட்டுத்தான் போனான். தங்கமான கை. அதற்குமேலே ஒரு தலை, சும்மா ஒட்டவைத்தது.

என்னை என்ன சொல்வது? டெஸ்டில் சொட்டுகிற இடத்தை நானே காட்டிவிட்டேன். கட்டடத்தில் யார் வந்து காட்டுவார்கள்? கடைக்கு வருகிறவனிடம் "எந்த ரூமு, பழைய லைனா, மேலேருந்து வருதா" என்று நாலு கேள்வி கேட்காமல் ஒரு எல்போவாவது விற்றிருக்கிறேனா? வாயால் பிழைக்கிறவன் நான். கையைப் பார்த்து ஆள் எடுத்தேன். த்தூ.

ஏப்ரல் 11, வெள்ளி

சாவிக்கொத்து மேசையில் கிடக்கிறது. கொடுத்துவிடலாம். ஆனால் அவனாகக் கேட்கட்டும். வியாபாரத்தில் நான் முதலில் விலை சொன்னதே கிடையாது.

ஏப்ரல் 15, செவ்வாய்

கேட்கவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

நானே மாடிக்குப் போனேன். "பில்டிங்க நீங்களே பாத்துக்கங்க மாப்பிள்ளை" என்று சாவியை நீட்டினேன். கை நீட்டி வாங்கவில்லை. அதே குரல், ஃபிரிட்ஜ்காரியிடம் பேசுகிற குரல்:

"ரொம்ப சந்தோஷம் மாமா. ஆனா ஒண்ணாம் தேதிலேருந்து ஆஸ்பத்திரில வரச் சொல்லிட்டாங்க. மெயின்டனன்ஸ் வேலை. குவார்ட்டர்ஸும் உண்டு."

பக்கத்து ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரி. சிபாரிசு யார் தெரியுமா? பல் டாக்டர்! என் கட்டடத்தில் குடியிருந்துகொண்டு என் வீட்டிலேயே ஆளைத் தூக்கியிருக்கிறார். நேர்முகத் தேர்வில், "சீலிங்ல ஈரம்னா முதல்ல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்களாம். "அதைத் தினம் பாக்கிறவங்ககிட்டப் பேசுவேன்" என்றானாம். அந்த இடத்திலேயே எடுத்துக்கொண்டார்களாம். ஆறு நாள் முந்தியே முடிந்த கதை. நான்தான் விலை சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

மகள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

மே 1, வியாழன்

போய்விட்டார்கள்.

மே 22, வியாழன்

புதிதாக ஒரு பிளம்பரை வைத்திருக்கிறேன். சுமார். சமையலறையில் கரண்டிச் சத்தம் மட்டும்.

ஜூன் 8, ஞாயிறு

நான்கு நாளாக வீட்டில் சாக்கடை நாற்றம். புதிய ஆள் வந்து மோப்பம் பிடித்துவிட்டு, முற்றத்துத் தரையை உடைக்க வேண்டும் என்றான். உடைக்கிற வார்த்தை இவர்களுக்கு மட்டும் எப்படி முதலில் வந்துவிடுகிறது!

"மாப்பிள்ளைக்குத்தான் ஒரு ஃபோன் போடுங்களேன்" என்றாள் மனைவி. இரண்டு நாள் போடவில்லை. இன்று போட்டேன்.

"எப்பலருந்து மாமா? காலைலயா, எப்பவுமா? கீழயா, மாடிலயா?"

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றுகொண்டே சொன்னேன்.

"மாடி பாத்ரூம யாராவது யூஸ் பண்றாங்களா?"

"நீங்க போனப்புறம் யாரு இருக்கா அங்க?"

"ஒண்ணும் உடைக்க வேணாம் மாமா. அந்த பாத்ரூம் ஓட்டைக்குக் கீழ, தண்ணி நிக்கிற பைப் வளைவு காஞ்சிருக்கும். அதான் நாத்தம் ஏறுது. ஒரு பக்கெட் தண்ணி ஊத்துங்க, போதும்."

அந்த வளைவை ஊருக்கெல்லாம் விற்றவன் நான். தண்ணீர் நின்றால்தான் நாற்றத்தைத் தடுக்கும் என்று விற்கும்போது நானே சொல்வேன். புத்தி எங்கே போயிற்று?

ஃபோனை மகள் வாங்கினாள். "அப்பா, வாரா வாரம் ஞாபகமா ஊத்துங்க. மறந்துட்டுச் சும்மா எங்களக் கூப்பிடாதீங்க." திட்டினாள். பின்கட்டு டெஸ்டுக்கு அப்புறம் அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு.

மாடிக்குப் போய் ஊற்றினேன். கால் மணியில் நாற்றம் குறைந்துவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

ஊற்றினேன்.

ஜூன் 29, ஞாயிறு

"மாடில தண்ணி ஊத்தினீங்களா?" என்று மனைவி கேட்டாள். ஊற்றியாகிவிட்டது என்றேன்.

போன வாரமும் ஊற்றவில்லை, இன்றும் ஊற்றவில்லை. வெயில் நன்றாகத்தான் அடிக்கிறது. சீக்கிரம் காய்ந்துவிடும்.