தொண்டூரான் தின்ற மல்லாட்டை

பேருந்து நிலைய வாசலில் தள்ளுவண்டிக்காரர் வேர்க்கடலை அண்டாவின் மூடியைத் திறந்தார். வேகவைத்த மல்லாட்டையின் ஆவி, உப்பும் ஈரமண்ணும் கலந்த அந்த வாசனையோடு முகத்தில் வந்து மோதியது. பழக்கத்தில் இரண்டு பொட்டலம் கேட்டுவிட்டேன்.

"இன்னா சார், தனியா வந்திருக்கீங்க? அந்த சார் எங்க?"

"ஊருக்குப் போயிருக்காரு" என்றேன். நீங்கள் இறந்து ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. அந்தச் சொல் மட்டும் இன்னும் என் வாயில் வரவில்லை. பயந்த ஆள்தானே நான்.

நில அளவை அலுவலகத்தில் ஒன்றாக வேலை பார்த்து ஓய்வுபெற்ற பிறகு, ஞாயிறுதோறும் அனந்தபுரத்திலிருந்து பஸ் ஏறி செஞ்சிக்கு வருவீர்கள். ராஜகிரிக் கோட்டைமலை ஏறுவோம். "சும்மா நடந்தா டாக்டருக்குப் பயந்து நடக்கற மாரி இருக்குது சார். ஒரு கத கட்டுவோமா?" என்று நீங்கள்தான் ஆரம்பித்தீர்கள். வாளும் மந்திரமும் உள்ள கதை. வீரனுக்குத் தொண்டூரான் என்று பெயர் வைத்தீர்கள். வெட்டி வெட்டிச் சலித்துப்போனவன். மலையுச்சிக் கோட்டையில் இருக்கும் மந்திரவாதியைக் கொல்வது அவனுடைய கடைசி வேலை.

வேறு யாராவது என்றால் முதல் வரியை எழுதியிருப்பார்கள். நான் கோட்டைக்கு வரைபடம் போடவேண்டும் என்றேன். வடக்கு குறித்து, அளவுகோல் குறித்து, மந்திரவாதியின் குளத்துக்கு ஆழம்கூடக் குறித்தோம். "நம்மாளு இன்னும் வூட்ட வுட்டே கெளம்பல. நீங்க மந்திரவாதிக்குப் பட்டாவே குடுத்துட்டீங்களே சார்!" என்று மூச்சு வாங்க வாங்கச் சிரித்தீர்கள்.

தொண்டூரான் மலையேறும்போது மடியிலிருந்து மல்லாட்டை எடுத்துத் தின்கிறான் என்று ஒருநாள் சொன்னீர்கள். நோட்டில் அந்த வரியை நான் அடித்துவிட்டேன். அது கடல் கடந்து பிற்காலத்தில் வந்த பயிர், அந்தக் காலத்து வீரன் மடியில் எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"நம்ம கதைல பொணம் எழுந்து பேசுது, அத கேக்கல. மல்லாட்டைக்கு மட்டும் கணக்கு கேக்கறீங்க."

நீங்கள் சொன்னது நியாயம்தான் என்று அப்போதே தோன்றியது. ஆனாலும் அடித்தது அடித்ததாகவே இருந்தது.

உண்மையான சண்டை முடிவைப் பற்றித்தான். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, ராஜகிரியில் உள்ளதுபோலவே பாறைப் பிளவின் மேல் இருக்கும் பாலத்தில் தொண்டூரான் நிற்கிறான். எதிரே மந்திரவாதியின் வாசல். கொல்லாவிட்டால் கதை எதற்கு என்றேன் நான். "டயர்டா இருக்கான் சார். எறங்கி வந்துடட்டும்" என்றீர்கள் நீங்கள். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாகப் போன் செய்தபோதும் அதே பேச்சு. "இன்னும் பாலத்துலயேவா நிக்க வச்சிருக்கீங்க? பாவம் சார், கால் வலிக்கும். உக்காரவாச்சும் வைங்க."

அதன் பிறகு நான் ஒரு வரியும் எழுதவில்லை. முடித்துவிட்டால் உங்களோடு வாதாட எதுவும் மிஞ்சாது. நானே முடித்தால் அது சரியாக இருக்குமா என்ற சந்தேகம் வேறு. வீட்டில் பேச்சுக்கு ஆளில்லை. மனத்துக்குள் அந்தச் சண்டை ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

இன்று பொட்டலங்களோடு தனியே ஏறினேன். பாலத்தருகே நாம் உட்காரும் பாறையில் துண்டை விரித்து, ஒரு பொட்டலத்தைப் பிரித்துத் தின்றேன். இன்னொன்றைப் பிரிக்கக் கை வரவில்லை. குரங்கு ஒன்று தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குக் கொடுக்கவும் மனமில்லை.

வீட்டுக்கு வந்து எழுதினேன். தொண்டூரான் உட்கார்ந்தான். மடியிலிருந்த மல்லாட்டையைப் பாறைமேல் கொட்டி இரண்டு கூறாகப் பிரித்தான். பக்கத்தில் யாருமில்லை. ஆனாலும் இரண்டு கூறாகவே பிரித்தான். ஒரு கூறை மெதுவாக உரித்துத் தின்றான். மற்றதைத் துண்டில் முடிந்துகொண்டு, வாளை அங்கேயே போட்டுவிட்டு இறங்கத் தொடங்கினான்.

அடுத்த ஞாயிறு வண்டிக்காரர் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேன். உங்கள் பொட்டலம் பையில் அப்படியே இருக்கிறது.